எண்ணெய்க்கு வைத்த மரம்... பூவுக்காக வரும் கூட்டம்!

தைவான் நாட்டின் மியாவ்லி மாவட்டத்தில் ஏப்ரல் பிற்பாதி முதல் மே மாதம் வரை மலைப்பாதைகள் வெள்ளை வெளேரென்று கிடக்கும். அத்தனையும் டங் மரத்திலிருந்து உதிர்ந்த பூக்கள். 'மே மாதப் பனி' என்றே அதற்குப் பெயர்.

டங், ஆமணக்குக் குடும்பத்து மரம். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்காக இங்கே பரவலாக நட்டார்கள். வார்னிஷ் தயாரிக்கவும், மழைநீர் இறங்காதபடி குடைக் காகிதத்தில் பூசவும் அந்த எண்ணெய் உதவியது. விஷத்தன்மை உள்ளதால் சமையலுக்கு ஆகாது. செயற்கைப் பொருள்கள் வந்ததும் எண்ணெய்க்கு விலை இல்லாமல் போனது. மலையடிவாரத்து ஹக்கா விவசாயிகள் மரங்களை அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஹக்கா மக்கள் சில நூற்றாண்டுகளுக்கு முன் சீனாவிலிருந்து குடியேறியவர்கள். அந்தப் பெயருக்கே 'விருந்தாளிக் குடும்பம்' என்றுதான் அர்த்தம். 2002-ம் ஆண்டு, ஹக்கா மக்களுக்கான அரசுத் துறை டங் பூ விழாவைத் தொடங்கியது. அதன்பின் நகரத்தார் காலையில் கிளம்பி வந்து, பூ பார்த்து, ஹக்கா சாப்பாடு சாப்பிட்டு, மாலையில் ஊர் திரும்புகிறார்கள்.

தேயிலை, எள், நிலக்கடலையை இடித்து வெந்நீர் ஊற்றிய 'லெய் சா' பானம் அவர்களுக்குக் கிடைக்கும். மியாவ்லியின் கோங்குவான் பகுதியில் நெல் அறுத்த வயலில், குளிர்காலத்தில் கடுகுக்கீரை போடுகிறார்கள். அதை உப்பில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, பாட்டிலில் இறுக்கி அடைக்கிறார்கள். பச்சையாக விற்றால் சீக்கிரம் வாடிவிடும் கீரை, இப்படிச் செய்தால் மாதக்கணக்கில் கெடாது.

பூ சில வாரங்களில் உதிர்ந்துவிடும். அதைப் பார்க்க வருபவர்களிடம் விற்க, கீரை பாட்டில் தயாராக இருக்கிறது!