சிறார் கைக்கு ஏற்ற வில்

வில்லென்பது தமிழர்க்குப் புதியதொரு பொருளன்று. சேர வேந்தர் அதனைத் தம் பொறியாகக் கொண்டனர். வில், சிலை, தனு எனப் பல பெயர்களால் அதனை வழங்கியும், நாண், கணை, தூணி எனத் துணைக்கருவிகளுக்குத் தனிப்பெயர் அமைத்தும் நம் முன்னோர் அதனைப் போற்றினர். ஆயினும், இக்காலத்துப் பந்தய வில்லை ஒரு சிறுவனோ சிறுமியோ ஏந்த விரும்பின், எதனைக் கொள்ளுவது, எதனைத் தள்ளுவது என்று எடுத்துரைக்கும் தமிழ்க் கட்டுரைகளை யாம் மிகுதியாகக் கண்டிலேம். அவ்வறியாமையால் எம் இல்லத்தில் நேர்ந்த தவறொன்றே இதனை எழுதுதற்குக் காரணமாயிற்று.

முதற்கண், வில்லின் உறுப்புக்களை ஒருவாறு கூறுவாம். நுனிகள் எய்வோனுக்கு அப்புறமாக மீண்டும் வளைந்திருத்தலின் இவ்வில் ரிகர்வ் எனப் பெயர் பெற்றது. பழைய வில் ஒரே கோலாக இருந்தது; இதுவோ மூன்று பகுதிகளாகக் கழற்றத் தக்கது. கையாற் பற்றும் நடுப்பகுதியை ரைசர் என்பர். அதன் மேலும் கீழும் பொருத்தப்படும் வளைகைகள் இரண்டினையும் லிம்ப் என்பர். வளைகைகளே அம்பினைச் செலுத்தும் ஆற்றலைத் தேக்கி வைப்பன. ரைசரோ அவ்விரண்டனையும் தாங்கிக் குறிகாட்டி, நிலைக்கோல் முதலியவற்றைச் சுமப்பது. எனவே வில்லின் பளுவிற் பெரும்பகுதி ரைசரைச் சார்ந்ததென்க.

எம் தங்கைக்கு அகவை பதின்மூன்று. பள்ளியில் மூங்கில் வில்லேந்திப் பயின்று வந்தாள். சென்ற ஆண்டு அவளுக்கொரு பந்தய வில் வாங்கித் தர எந்தையார் இசைந்தனர். அவர் பல திங்களாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருள் அதற்காயிற்று. "அண்ணா, நீங்களே பார்த்து வாங்கித் தாருங்கள்" என்று தங்கை அப்பொறுப்பினை எம்மிடம் ஒப்புவித்தாள். யாமோ, உலகப் பந்தய வீரர் ஏந்துவதே சிறந்ததென்றும், வளரும் பிள்ளைக்குப் பெரிதாக வாங்குதலே சிக்கனமென்றும் எண்ணி, 25 அங்குல அலுமினிய ரைசரையும் நடுத்தர நீளமுள்ள வளைகைகளையும் தேர்ந்தெடுத்தேம். சட்டை தைக்கக் கொடுக்குங்கால் வளர்த்திக்கு இடம் விடச் சொல்வது போன்றதே அவ்வெண்ணம். மூன்று கிழமைக்குள் அவளுடைய இடத்தோள் காதை நோக்கி உயர்ந்தது. உடல் பின்னோக்கிச் சாய்ந்தது. ஐம்பது அம்பு எய்வதற்குள் கை நடுங்கியது. நோவென்று அவள் ஒருவரிடமும் சொன்னாளில்லை. தந்தையார் செலவிட்ட பொருளை எண்ணி வாய்மூடியிருந்தாள். பயிற்றாசிரியரே கண்டு, ஒரு திங்கள் வில்லைத் தொடலாகாதென்று தடுத்தார்.

இதன் காரணத்தை ஆராய்வாம். ஒரு குடம் நீரை இடுப்பில் வைத்துச் சுமப்பது எளிது. அதனையே நீட்டிய கையில் ஏந்தி நிற்பது அரிது. பளு ஒன்றேயாயினும், தோளினின்று அஃது எட்ட விலகுந்தோறும் தோட்டசைகளின் உழைப்புப் பெருகுகின்றது. வில்லை நீட்டிய கையின் முனையில் ஏந்துகின்றோம். நிலைக்கோலோ அக்கைக்கும் அப்பால் நீண்டு நிற்கின்றது. 25 அங்குல அலுமினிய ரைசர் ஏறக்குறைய 1100 முதல் 1400 கிராம் வரை நிறையுடையது. வளைகை, குறிகாட்டி, நிலைக்கோல் யாவும் சேரின், வளர்ந்தோர் ஏந்தும் வில் இரண்டரைக் கிலோவிற்கு மேலும் செல்லும். பதின்மூன்று அகவையில் எலும்பின் வளர்நுனிகள் இன்னும் இறுகாதிருத்தலின், இச்சுமை நோவு தருவதோடு பயிலும் முறையையும் கெடுத்துவிடும். தவறாகப் பழகிய தோளைப் பின்னர்த் திருத்துதல் புதிதாகக் கற்பிப்பதினும் கடினமாம்.

அங்ஙனமாயின், மிக இலேசானதே மிக நல்லதோ எனின், அன்று. பளுவுள்ள வில் காற்றில் எளிதில் அசையாது. அம்பு விடுபடுங்கால் எழும் அதிர்வையும் தன்னுள் அடக்கும். 70 மீட்டர் தொலைவில் எய்யும் ஒலிம்பிக் வீரர் பளுவை விரும்பி நிலைக்கோலின் நுனியில் எடைகளைச் சேர்ப்பதும் இதனாலேயே. ஆனால் சேர்த்தல் எளிது. ரைசரின் உடற்பளுவைக் குறைத்தலோ இயலாது. ஆதலின் இளையோர் இலேசானதில் தொடங்கி, தோள் வலுப்பெறுந்தோறும் எடையைச் சிறுகச் சேர்த்தலே முறையாகும்.

இனி, ரைசர் செய்யும் பொருள்களைக் காண்பாம். மரத்தால் ஆயது பெரும்பாலும் விலை குறைந்தது, இலேசானது, முதலாண்டிற்குப் போதியது. அலுமினியம் உறுதியானது, ஆனால் பளுவுடையது. மக்னீசியம் அலுமினியத்தின் அடர்த்தியில் மூன்றில் இரண்டு பங்கே உடையது. கரிநாரினாற் செய்தது இலேசும் விறைப்பும் ஒருங்கே பெற்றதாயினும் விலை மிக்கது. பொருளின் பெயரை மட்டும் நம்பாது, விற்போர் அச்சிட்டுள்ள நிறையைக் கிராமிற் பார்த்தே முடிவு செய்க. கனத்த வார்ப்பினும், நடுவே குடைந்து செய்த அலுமினியம் இலேசாதலும் உண்டு.

பொருளினும் நீளமே முதன்மையானது என்பதை யாம் பிந்தியே உணர்ந்தேம். விரித்த கைகளின் நடுவிரல் நுனிகளுக்கு இடையேயுள்ள தொலைவை அளந்து, அதனை இரண்டரையால் வகுக்க, ஒருவர் நாணை இழுக்கும் நீளம் ஏறக்குறையக் கிடைக்கும். எம் தங்கைக்கு அது 60 அங்குலம். வகுக்க வருவது 24. அவ்விழுப்பிற்கு 64 அங்குல வில் பொருந்தும். யாம் வாங்கியதோ 68 அங்குலம்! நீண்ட வில்லின் கைகள் குறுகிய இழுப்பில் முழுதும் விரியாமையால் அம்பின் விரைவும் குன்றும். 23 அங்குல ரைசரில் குறுங்கைகளைப் பூட்டின் 64 அங்குலமும், நடுத்தரக் கைகளைப் பூட்டின் 66 அங்குலமும், நெடுங்கைகளைப் பூட்டின் 68 அங்குலமும் ஆகும். ஆகவே பிள்ளை வளருந்தோறும் கைகளை மட்டும் மாற்றினால் போதும். இதற்கு, பல நிறுவனத்தாரின் கைகளும் பொருந்தும் ஐ.எல்.எஃப். என்னும் பொது அமைப்புடைய ரைசரே வேண்டும். உண்மையான சிக்கனம் இதுவே.

வளைகையில் எழுதியுள்ள இராத்தற் கணக்கையும் பொருளறிந்து படித்தல் வேண்டும். அவ்வெண் பொதுவாக 25 அங்குல ரைசரில், 28 அங்குல இழுப்பிற்குக் குறிக்கப்பட்டது. 23 அங்குல ரைசரில் ஏறக்குறைய 2 இராத்தல் கூடும். இழுப்பில் ஓரங்குலம் குறைய ஏறக்குறைய 2 இராத்தல் குறையும். எனவே 24 எனக் குறித்த கை, 24 அங்குலம் இழுப்போரது விரலில் 18 இராத்தலளவே நிற்கும். தொடங்குவோர்க்கு இவ்வளவு தக்கதே.

வாங்குமுன் சோதிக்க வேண்டுவன சில. எம்மருங்குக் கண் மேலோங்கியதென்று முதலில் அறிக. வலக்கைப் பழக்கமுடையார்க்கும் இடக்கண் மேலோங்குதல் உண்டு, அதற்கேற்ப வில்லும் மாறும். பிடி, கையின் பெருவிரல் அடியில் அமர்கின்றதா என்று காண்க. பிளஞ்சர், குறிகாட்டி, நிலைக்கோல் ஆகியவற்றிற்குரிய துளைகள் உளவா என்று நோக்குக. பழையதை வாங்கின், கை பொருந்துமிடத்தில் வெடிப்பு உண்டோவென்று விளக்கொளியிற் பார்க்க. இறுதியாக, குறிகாட்டியும் நிலைக்கோலும் பூட்டிய வில்லைப் பிள்ளை தோளளவில் நீட்டி நிற்க, பின்னின்று பார்க்க. தோள் உயராமலும் உடல் சாயாமலும் மூச்சு இயல்பாக ஓடினால் அவ்வில் ஏற்றது. அம்பின்றி நாணை விடுதல் எவ்வில்லையும் கெடுக்குமாதலின் சோதனையிலும் அது கூடாது.

இராஞ்சியைச் சார்ந்த தீபிகா குமாரி மூங்கில் வில்லில் தொடங்கியே 2009 ஆம் ஆண்டில் இளையோர் உலகப் பட்டம் பெற்றார் என்பதை நினைவுறுத்துகின்றேம். தொடக்கத்தில் கருவியின் பெருமை ஒருவரை வீரராக்குவதில்லை.

எம் முன்னை ரைசரைக் கழகத்தில் வளர்ந்த மாணவர் ஒருவர் வாங்கிக்கொண்டார். பெற்ற தொகை கொடுத்ததினும் குறைந்ததே. எந்தையாரிடம் பிழையை ஒப்புக்கொண்டேம், அவர் கடிந்திலர். நடுத்தரக் கைகள் பிற்காலத்திற்கென உறையில் உள்ளன. இன்று தங்கை 23 அங்குல ரைசரும் குறுங்கைகளும் கொண்டு, நாளொன்றுக்கு நூறு அம்பு எய்கின்றாள். தோள் தாழ்ந்தே நிற்கின்றது. தம்பியர் தங்கையர்க்கு வில் வாங்க எண்ணும் நம் கல்லூரி அன்பர்கள், கடைக்குச் செல்லுமுன் அளவு நாடா ஒன்றை எடுத்துக்கொண்டு அப்பிள்ளையிடம் முதலிற் செல்வார்களாக. நோகின்றதா என்றும் ஒருமுறை கேட்பார்களாக.