பயிற்சி ஒருபுறம், வேலை மறுபுறம்: எல்லையில் நிற்கும் காந்தலூர்

புது தில்லி: நாடு முழுவதும் உள்ள 1,000 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை ரூ. 60,000 கோடி செலவில் மேம்படுத்தும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025-ஆம் ஆண்டு மே மாதம் ஒப்புதல் அளித்தது. மத்திய அரசு ரூ. 30,000 கோடி, மாநில அரசுகள் ரூ. 20,000 கோடி, தொழில் நிறுவனங்கள் ரூ. 10,000 கோடி என்று செலவு பகிர்ந்து கொள்ளப்படுகிறது. எந்தத் தொழிலுக்கு, எத்தகைய பயிற்சி தேவை என்பதைத் தீர்மானிப்பதில் இனி தொழில் துறைக்கே முக்கியப் பங்கு என்பது இத்திட்டத்தின் அடிப்படை.

ஆனால், "தொழில் துறை" என்று தில்லி சொல்லும்போது அதன் கண்முன் நிற்பது பெரிய ஆலைதான். மலைமேல் சில அறைகள் கொண்ட விடுதியை நடத்துபவரும், பூண்டு பயிரிடும் விவசாயியும், வெல்லம் காய்ச்சும் சிறு ஆலைக்காரரும்தான் வேலை தருபவர்கள் என்ற நிலையில் உள்ள ஊருக்கு இந்த ஏற்பாடு எப்படிப் பொருந்தும்? கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழக எல்லையையொட்டி அமைந்துள்ள காந்தலூர் எழுப்பும் கேள்வி இது.

தங்க விருது பெற்ற ஊர்

தேவிகுளம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், சுமார் 5,000 அடி உயரத்தில் உள்ளது காந்தலூர். மறையூர், காந்தலூர் உள்ளிட்ட பழைய ஐந்து ஊர்கள் சேர்ந்த பகுதிக்கு அஞ்சுநாடு என்று பெயர். தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் வாழும் பகுதி இது. பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், ஆப்பிள், பிளம்ஸ் ஆகியவை இங்கு விளைகின்றன. மறையூர் வெல்லத்துக்கு 2019-லும், காந்தலூர் - வட்டவடை பூண்டுக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது.

2023 செப்டம்பர் 27-ஆம் தேதி, உலக சுற்றுலா தினத்தன்று, மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலாக் கிராமத்துக்கான தங்க விருதைக் காந்தலூர் பெற்றது. கேரளத்தின் பொறுப்புச் சுற்றுலா இயக்கம் அந்த ஊராட்சியுடன் இணைந்து மேற்கொண்ட பணிகளுக்குக் கிடைத்த அங்கீகாரம் அது.

விருது வந்தால் பயணிகள் வருவர். பயணிகள் வந்தால் வேலைகள் தோன்றும். விடுதிகளுக்குச் சமையற்காரர், அறை பராமரிப்பாளர், கணக்கு எழுதுபவர், ஜீப் ஓட்டுநர், வழிகாட்டி ஆகியோர் வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற பூண்டுக்கும் வெல்லத்துக்கும் தரம் பிரிக்கவும், ஈரப்பதம் அறிந்து பக்குவப்படுத்தவும், உறையிட்டு அனுப்பவும் தெரிந்தவர்கள் வேண்டும். இவற்றில் பல வேலைகளுக்கு மூன்று மாதப் பயிற்சியே போதுமானது. அந்த வேலைகள் உள்ளூர் இளைஞர்களுக்குக் கிடைக்குமா, வெளியூரிலிருந்து பயிற்சி பெற்றவர்கள் அழைத்து வரப்படுவார்களா என்பதே கேள்வி.

கேரளத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் அழுத்தம் உண்டு. 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரையிலான தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 29 வயது வரையிலான இளைஞர்களில் வேலையின்மை அகில இந்திய அளவில் 10.2 சதவீதம். கேரளத்தில் அது 29.9 சதவீதம். அதே கேரளத்தின் கட்டுமானத் தளங்களிலும் உணவகங்களிலும் மேற்கு வங்கம், அசாம், ஒடிசா மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். வேலையும் இருக்கிறது, வேலையில்லாதவர்களும் இருக்கிறார்கள்; இரண்டும் சந்திக்கவில்லை.

எண்ணிக்கையைத் துரத்திய திட்டங்கள்

இந்த இடைவெளியை நிரப்பத் தில்லி எடுத்த முயற்சிகள் குறைவல்ல. கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-லும், தொழில் பழகுநர் சட்டம் 1961-லும் வந்தன. 2008-ல் தேசிய திறன் மேம்பாட்டுக் கழகம் உருவாக்கப்பட்டது. 2022-க்குள் 50 கோடிப் பேருக்குப் பயிற்சி என்ற இலக்கை 2009-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை அறிவித்தது. 2015 ஜூலையில் பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் (கௌஷல் விகாஸ் யோஜனா) தொடங்கப்பட்டது.

மத்திய அரசே நியமித்த சாரதா பிரசாத் குழு, 2016-ல் அளித்த அறிக்கையில் குறையைச் சுட்டிக்காட்டிவிட்டது. துறைகளின் உண்மையான தேவையைக் கணக்கில் கொள்ளாமல் இலக்குகள் நிர்ணயிக்கப்பட்டன; அனைவரும் எண்ணிக்கையைத் துரத்தினரே தவிர, இளைஞர்களுக்கு வேலையோ தொழில் துறைக்குத் தகுதியான ஆள்களோ கிடைக்கவில்லை என்பது அக்குழுவின் கருத்து.

கௌஷல் விகாஸ் திட்டம் குறித்த இந்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டது. ஆய்வு செய்யப்பட்ட சுமார் 95.9 லட்சம் பேரில் 94.53 சதவீதத்தினரின் வங்கிக் கணக்கு விவரம் பதிவேட்டில் முறையாக இல்லை என்று அந்த அறிக்கை கூறியது. குறுகிய காலப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றவர்களில் வேலையில் அமர்த்தப்பட்டவர்கள் 41 சதவீதத்தினர் மட்டுமே.

பயிற்சி நிலையத்திடம் எந்த ஆசிரியர் இருக்கிறார், எந்த இயந்திரம் இருக்கிறது என்பதைப் பொருத்துப் பாடம் அமைகிறது. பயிற்சி முடிந்த பிறகு வேலை தேடும் படலம் தொடங்குகிறது. வரிசை தலைகீழாக இருப்பதே இதன் அடிப்படைக் கோளாறு.

குமரகம் காட்டிய வழி

வரிசையை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்குக் கேரளத்திலேயே சான்று உண்டு. கோட்டயம் மாவட்டம் குமரகத்தில் 2008-ல் பொறுப்புச் சுற்றுலாத் திட்டம் தொடங்கியபோது, விடுதிகளுக்கு எந்தக் காய்கறி, எவ்வளவு தேவை என்பது முதலில் கேட்டறியப்பட்டது. அதற்கேற்ப உற்பத்தி செய்யும் பணி உள்ளூர் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. வாங்குபவர் யார் என்பது தெரிந்த பின்னரே விதை போடப்பட்டது. அந்த முயற்சி பின்னர் ஐ.நா. உலக சுற்றுலா அமைப்பின் யுலிசஸ் விருதைக் கேரளத்துக்குப் பெற்றுத் தந்தது.

காந்தலூருக்கு அருகிலேயே இன்னொரு எடுத்துக்காட்டு உள்ளது. சின்னாறு வனவிலங்கு சரணாலயத்தில் பயணிகளை மலையேற்றத்துக்கு அழைத்துச் செல்பவர்கள் அங்குள்ள பழங்குடியினர். காட்டுப் பாதையும் விலங்குகளின் தடமும் அறிந்த அவர்களின் பரம்பரை அறிவுக்கு, வனத்துறையும் சூழல் மேம்பாட்டுக் குழுக்களும் கூலி தரும் வேலை என்ற வடிவம் கொடுத்தன. இங்கு பயிற்சி அளிப்பவரும் வேலை தருபவரும் ஒருவரே. ஆகவே, பொருத்தமின்மைக்கு இடமில்லை.

மொழியும் எல்லையும்

அஞ்சுநாட்டுத் தமிழ் இளைஞர்களுக்கு மற்ற பகுதியினருக்கு இல்லாத ஒரு சிக்கலும் உண்டு. மாநில மறுசீரமைப்பின்போது தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்துடன் இணைக்க வேண்டும் என்று நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. ஃபசல் அலி ஆணையம் அதனை ஏற்கவில்லை. 1956 நவம்பர் 1 முதல் இவ்வட்டங்கள் கேரளத்தில் உள்ளன.

மறையூரிலிருந்து உடுமலைப்பேட்டை சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ளது. மாவட்டத் தலைநகரான பைனாவுக்குக் காந்தலூரிலிருந்து செல்ல நூறு கி.மீ.க்கும் மேல் மலைப்பாதையில் பயணிக்க வேண்டும். சந்தையும் ஆலையும் கிழக்கே உள்ளன. அலுவலகமும் பயிற்சித் திட்டமும் மேற்கே உள்ளன. தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய "நான் முதல்வன்" திட்டம் தமிழகக் கல்வி நிலையங்களில் பயில்வோருக்கானது. கேரளத்தின் திறன் பயிற்சித் திட்டங்களோ பெரும்பாலும் மலையாளத்தையும் ஆங்கிலத்தையும் சார்ந்தவை.

மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் கல்வி அளிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350-ஏ பிரிவு கூறுகிறது. ஆனால் அது தொடக்கக் கல்வியோடு நின்றுவிடுகிறது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தங்கள் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள வகை செய்கிறது. மனுவைத் தமிழில் எழுதலாம். மின்பணியாளர் பயிற்சியைத் தமிழில் பெறும் உரிமை எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை.

தொழிலாளருக்கான தொழிற்பயிற்சி பொதுப் பட்டியலில் உள்ள பொருள் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. தேசிய தொழிற்பயிற்சிச் சான்றிதழ் எந்த மாநிலத்தில் பெற்றாலும் நாடு முழுவதும் செல்லும். எனவே, உடுமலையில் உள்ள பயிற்சி நிலையமும் மூணாறு வட்டாரத்து விடுதிகளும் ஒரே திட்டத்தின் கீழ் இணைவதற்குச் சான்றிதழ் தடையாக இராது. இரு மாநில அரசுகளையும் ஒரே மேசைக்கு அழைப்பதில் மத்திய அரசு காட்டும் ஆர்வத்தைப் பொருத்தே அது அமையும்.

சிறிய முதலாளிகள் யார் கணக்கில்?

அடுத்த தடை சட்டத்தின் அளவுகோல். காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்க வேண்டும் என்ற 1959-ஆம் ஆண்டின் சட்டம், தனியார் துறையில் 25 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களையே கட்டுப்படுத்தியது. தொழில் பழகுநர்களைச் சேர்க்கும் கடமை, 2019-ஆம் ஆண்டின் விதித்திருத்தத்தின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களுக்கு உரியது. நான்கு பேருக்குக் குறைவான ஊழியர் கொண்ட இடங்கள் விருப்பத்தின்பேரில்கூட இதில் சேர இயலாது.

காந்தலூரில் குடும்பத்தினரே நடத்தும் தங்கும் இல்லங்களும் சிறு தோட்டங்களும் இந்த வலையில் சிக்காதவை. தனித்தனியே அவர்களுக்கு ஒரு பயிற்சியாளர் கூடத் தேவைப்படாமல் இருக்கலாம். இருபது விடுதிகள் சேர்ந்தால் ஒரு வகுப்புக்கு வேண்டிய இடங்கள் கிடைத்துவிடும். சிறு நிறுவனங்களையும் பழகுநர்களையும் இணைத்துவைக்கும் மூன்றாம் தரப்பு அமைப்புகளுக்குத் தொழில் பழகுநர் முறையில் இடமுண்டு. அந்தப் பொறுப்பை ஊராட்சியும் குடும்பஸ்ரீயும் ஏற்றுக்கொண்டால், வேலை தருபவர்களின் தேவைப் பட்டியல் ஊரிலேயே தயாராகும். கிராமப்புற இளைஞர்களுக்காக 2014-ல் தொடங்கப்பட்ட தீன்தயாள் உபாத்யாய கிராமீன் கௌஷல்ய யோஜனாவை, பயிற்சி பெற்றோரில் 70 சதவீதத்தினருக்கு வேலை பெற்றுத்தர வேண்டும் என்ற நிபந்தனையுடன், கேரளத்தில் நடைமுறைப்படுத்திய அனுபவமும் குடும்பஸ்ரீக்கு உண்டு.

பாலக்காட்டிலும் இதே கேள்வி

பிரச்னை ஒரு மலைக்கிராமத்தோடு முடிவதில்லை. கேரளத்தின் மற்றோர் எல்லை மாவட்டமான பாலக்காட்டில், கொச்சி - பெங்களூரு தொழில் வழித்தடத்தின் பகுதியாக, 1,710 ஏக்கரில் ரூ. 3,806 கோடி செலவில் தொழில் நகரம் அமைக்க மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தது. சுமார் 51,000 வேலைகள் உருவாகும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. சித்தூர், அட்டப்பாடி பகுதிகளில் தமிழ் பேசும் மக்கள் கணிசமாக வாழும் மாவட்டம் அது.

காந்தலூரில் வேலை தருபவர்கள் மிகச் சிறியவர்கள்; பாலக்காட்டுக்கு வரவிருப்பவர்கள் பெரியவர்கள். இரண்டு இடங்களிலும் செய்ய வேண்டிய முதல் வேலை ஒன்றே. எத்தனை பேர், எந்தத் திறனுடன், எந்த மாதத்தில் தேவை என்பதை எழுத்தில் பெற வேண்டும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பைத் தொடங்க வேண்டும். எல்லைப்பகுதிகளில் அவ்வகுப்பு தமிழிலும் நடக்க வேண்டும்.

ஆலைக்கு அடிக்கல் நாட்டப்படும் நாளிலிருந்து உற்பத்தி தொடங்க ஓரிரு ஆண்டுகள் ஆகும். ஐ.டி.ஐ. படிப்பு ஒன்றை முடிக்கவும் ஏறத்தாழ அவ்வளவு காலமே பிடிக்கும். கதவு திறந்த பிறகு பயிற்சியைத் தொடங்கினால், உள்ளூர் இளைஞருக்கு மிஞ்சுவது காவலாளி வேலையாகத்தான் இருக்கும். ரூ. 60,000 கோடித் திட்டத்தின் வெற்றியைச் சான்றிதழ்களின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடுவதா, ஓராண்டுக்குப் பிறகும் வேலையில் நீடிப்பவர்களைக் கொண்டு கணக்கிடுவதா என்பதை நாடாளுமன்றம் இப்போதே கேட்டாக வேண்டும். அடுத்த தணிக்கை அறிக்கை வரும்வரை காந்தலூரின் இளைஞர்களால் காத்திருக்க இயலாது.