கல்லறையினுள் ஒரு கதிர்

எழுத்தறியா மக்கள் தம் உள்ளக் கருத்தை வழித்தோன்றல்களுக்கு எவ்வாறு உரைப்பர்? அவர்கள் விட்டுச்சென்ற ஏடு இல்லை; அவர்தம் பெயரும் நமக்கு எட்டவில்லை. கல் ஒன்றே அவர்களுக்காகப் பேசுகிறது. அயர்லாந்து நாட்டில் பாய்ன் ஆற்றின் அருகே எழுந்துள்ள நியூகிரேஞ்ச் என்னும் கல்லறை மேடு அத்தகையது. ஏறத்தாழ கி.மு. 3200-இல் கட்டப்பெற்ற அது, எகிப்து நாட்டுப் பெரிய பிரமிடைக் காட்டிலும் பல நூற்றாண்டுகள் மூத்தது.

அதனை எழுப்பியோர் உழவர்கள். உலோகக் கருவியை அவர்கள் அறியார். எனினும் 85 மீட்டர் அகலமுள்ள மேட்டை எழுப்பி, அதன் விளிம்பில் 97 பெருங்கற்களை நிறுத்தினர். உள்ளே 19 மீட்டர் நீளமுள்ள குறுகிய வழி. அதன் முடிவில் ஓர் அறை. கற்களைச் சற்றே உள்நோக்கித் தள்ளித் தள்ளி அடுக்கி, 6 மீட்டர் உயரத்தில் கூரையை மூடினர். மழைநீர் வடியக் கூரைக் கற்களில் கால்கள் செதுக்கினர். இடுக்குகளைச் சுட்ட மண்ணாலும் கடல் மணலாலும் அடைத்தனர். 5000 ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்வறை ஒழுகவில்லை!

1962 முதல் அங்கு அகழ்வாய்வு நடத்திய பேராசிரியர் மைக்கேல் ஓ'கெல்லி, வாயிலுக்கு மேலே சிறு பலகணி போன்றதொரு திறப்பைக் கண்டார். வாயில் இருக்க, இது எதற்கு? உள்வழியின் தரை மேல்நோக்கி ஏறுவதால், வாயிலின் வழியே புகும் ஒளி அறையை எட்டாது. மேல்திறப்பின் வழியே புகுவதே எட்டும். 1967 டிசம்பர் 21 விடியலில் அவர் அவ்விருட்டறையில் தனியே காத்திருந்தார். ஆண்டின் மிகக் குறுகிய பகல்களுள் ஒன்று அது. கதிரவன் எழுந்தான், மெல்லிய பொற்கீற்று ஒன்று தரைவழியே ஊர்ந்து வந்து அறையின் உட்புறத்தைத் தொட்டது. ஏறத்தாழ 17 நிமிடங்களில் மீண்டும் இருள் சூழ்ந்தது.

இவ்வொளி வருவது ஆண்டிற்குச் சில காலைகளே. அவற்றிலும் மேகம் மறைக்கும் நாள்கள் உண்டு. ஆதலின் திறப்பை அளந்து அமைக்கப் பல ஆண்டுகள் பொறுமையுடன் வானை நோக்கியிருத்தல் வேண்டும்.

கற்களில் சுருள்களும் சாய்சதுரங்களும் செதுக்கப்பட்டுள்ளன. அறையினுள் உள்ள மூன்று சுருள்களைத் திரித்துவத்தின் அடையாளமெனக் கருதுதல் பொருந்தாது. அவை கிறிஸ்து பிறப்பிற்கு மூவாயிரம் ஆண்டுகள் முந்தியவை. அவற்றின் பொருள் குறித்து அறிஞர்களிடையே இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. ஆயினும் ஒன்று நம்மைச் சிந்திக்க வைக்கிறது: சில செதுக்கல்கள், கல்லை நிறுத்தியபின் எவர் கண்ணிற்கும் படாத பின்புறத்தில் உள்ளன. மனிதரின் பாராட்டிற்காக அவை செய்யப்பட்டிருக்க இயலுமோ?

அறையில் கிடைத்தவை ஐந்து பேரேனும் சேர்ந்த எலும்புகள். எரியூட்டப்பட்டவையும் அவற்றுள் உண்டு. அம்மக்கள் எத்தெய்வத்தை வணங்கினர், மறுமையைக் குறித்து என்ன எண்ணினர் என்று நாம் துணிந்துரைக்க இயலாது. ஆனால் வாயிலை ஒத்த கவனத்தோடு ஒளிக்கும் ஒரு வழி அமைத்தனர் என்பது கண்கூடு. இறந்தோரை இருளிலேயே விட்டுவிட அவர்கள் மனம் ஒப்பவில்லை. கல்லறைத் திருநாளன்று அன்புக்குரியோரின் கல்லறைமீது மெழுகுதிரி ஏற்றும் நம் குடும்பங்களுக்கு, பெயரறியா அவ்வுழவரின் உள்ளம் விளங்காமற்போகாது.