கயாக்கில் மீன் காட்டும் கருவி: வாங்கும் முன், பொருத்தும் முன்



தாம்பரம் பகுதியில் ஒரு ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் என்னை நிறுத்தினார். "ஹஜ்ரத், கயாக் வாங்கியிருக்கேன். கோவளத்துல போய் மீன் பிடிக்கிறேன். தண்ணிக்கு அடியில மீன் எங்கே இருக்குன்னு காட்டுற ஃபிஷ் ஃபைண்டர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். அப்படிப் பார்த்துப் பிடிக்கிறது கூடுமா?" என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற அவருடைய அத்தா குறுக்கிட்டார். "அவன் கூடுமான்னு கேக்குறான். என் கேள்வி வேற ஹஜ்ரத். அதை மாட்டிக்கிட்டுப் போனா பத்திரமா திரும்பி வருவானா?"

இரண்டும் நல்ல கேள்விகள். விடுமுறை நாளில் வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம், முட்டுக்காடு பக்கம் போகும் நம் பிள்ளைகளிடம் கயாக் ஆசை கூடிவருகிறது. அதனால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

கடல் வேட்டையை அல்லாஹ் நமக்கு ஆகுமாக்கியிருக்கிறான் என்பதை அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆவது வசனம் தெளிவாகச் சொல்கிறது. தூண்டில், வலை போல இந்தக் கருவியும் ஒரு சாதனம்தான். மீனை அது பிடிப்பதில்லை, இருக்கும் இடத்தை மட்டும் காட்டுகிறது. நம் முன்னோரான மரைக்காயர்கள் கப்பல் ஓட்டிய காலத்தில், கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டி இறக்கி ஆழம் பார்த்தார்கள். குண்டின் அடியில் ஒட்டிவரும் மண்ணைப் பார்த்து, அடியில் மணலா சேறா என்று அறிந்தார்கள். இந்தக் கருவி அதே வேலையை ஒலியால் செய்கிறது. எனவே இதில் தடை ஏதுமில்லை.

கவனிக்க வேண்டியவை மூன்று. பிடிப்பது உண்பதற்காகவோ பிறருக்குக் கொடுப்பதற்காகவோ இருக்கட்டும். உயிருள்ள ஒன்றை அம்பெய்து பழகும் இலக்காக ஆக்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தது முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இரண்டாவது, பிறர் உரிமை. கடல் பொதுவானது. ஆனால் நம் பக்கத்து ஏரிகள் பலவற்றில் மீன்பாசி ஏலம் விடுவது வழக்கம். ஏலம் எடுத்தவர் அனுமதியின்றி அங்கே தூண்டில் போடுவது அடுத்தவர் உரிமையில் கைவைப்பதாகும். மூன்றாவது, வீண்விரயம். இதைப் பற்றிக் கருவி வாங்கும் பகுதியில் சொல்கிறேன்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பஸ்ஸில் போகும்போது பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தைப் பார்த்திருப்பீர்கள். 6,000 மீட்டர் ஆழத்துக்கு மூன்று பேரை அனுப்பும் 'மத்ஸ்யா 6000' திட்டம் அங்கே நடப்பதுதான். ரேடியோ அலை கடல்நீருக்குள் தூரம் போகாது என்பதால், அவ்வளவு ஆழத்திலும் ஒலியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. கயாக்கில் மாட்டும் சின்னக் கருவிக்கும் அடிப்படை அதுவே.

கருவியில் மூன்று பாகங்கள் உண்டு: திரை, பேட்டரி, தண்ணீரை நோக்கி ஒலி அனுப்பும் டிரான்ஸ்டியூசர். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகிறது. ஆழம் 15 மீட்டர் என்றால், ஒலி தரையைத் தொட்டுத் திரும்ப நொடியில் 50இல் ஒரு பங்கு நேரம் போதும். அந்த நேரத்தை அளந்து ஆழத்தைக் கருவி சொல்கிறது. பல மீன்களின் வயிற்றில் காற்றுப்பை இருப்பதால் அவை ஒலியை நன்றாக எதிரொலிக்கும். சுறா, திருக்கை போன்றவற்றுக்குக் காற்றுப்பை இல்லை. அவை மங்கலாகத்தான் தெரியும்.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இரண்டு விஷயங்கள் உள்ளன. திரையின் வலது ஓரத்தில் தெரிவதுதான் இந்த நொடி. இடப்பக்கம் நகர்ந்திருப்பதெல்லாம் ஏற்கெனவே கடந்துபோனவை. அடுத்தது, ஒலி ஒரு கூம்பு போல விரிந்து கீழே போகிறது. 200 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் கூம்பின் கோணம் பெரும்பாலும் 20 டிகிரி அளவில் இருக்கும். அப்படியானால் 10 மீட்டர் ஆழத்தில் நீங்கள் பார்ப்பது சுமார் மூன்றரை மீட்டர் அகல வட்டத்தை மட்டுமே. சுற்றியுள்ள கடல் உங்களுக்குத் தெரியாது. 83 கிலோஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அலைவரிசையில் வட்டம் பெரிதாகும், ஆனால் நுணுக்கம் குறையும். பல அலைவரிசைகளைச் சேர்த்து அனுப்பும் 'சர்ப்' வகையில் படம் தெளிவாக இருக்கும்.

மீன் பொம்மை காட்டும் வசதியை நம்பி ஏமாற வேண்டாம். நீர்க்குமிழியும் பாசியும் கூட அதில் மீனாகத் தெரியும். அதை அணைத்துவிட்டு வளைந்த கோடுகளைப் படிக்கப் பழகுங்கள்.

எதை வாங்குவது?

விலை அதிகமான பெரிய திரை கயாக்குக்குத் தேவையில்லை. நான்கைந்து அங்குலத் திரை போதும். தேவைக்கு மேல் செலவழிப்பது இஸ்ராஃப். அந்தப் பணத்தில் முதலில் நல்ல லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள். அதற்குப் பிறகு கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது இவற்றைப் பாருங்கள்.

ஜி.பி.எஸ். கட்டாயம் இருக்க வேண்டும். மீன் இடத்தைக் குறிப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கிளம்பிய கரையைக் குறித்துவைத்து, வந்த தடத்திலேயே திரும்புவதற்கு அதுதான் உதவும். அத்தாவின் கேள்விக்குப் பதில் இந்த வசதியில்தான் தொடங்குகிறது. கார்மின் ஸ்ட்ரைக்கர் 4 போன்ற சின்னக் கருவிகளில்கூட இது உண்டு. ஆனால் எல்லாக் கருவியிலும் இருப்பதில்லை, கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர் தாங்கும் தரம் ஐ.பி.எக்ஸ். 7 ஆக இருக்கட்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் பழுதாகாது என்பது அதன் பொருள். நடுப்பகல் வெயிலிலும் படிக்க முடிகிற திரையாக இருக்கட்டும்.

தண்ணீரில் வீசி மிதக்கவிடும் பந்து வகையும் கிடைக்கிறது. அது வைஃபை மூலம் செல்போனுக்குப் படம் அனுப்பும். கரையிலிருந்து தூண்டில் போடுபவருக்கு அது நல்லது. கடலுக்குள் போகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆபத்தில் அழைக்க வேண்டிய செல்போனையே மணிக்கணக்காகத் திரையாக்கினால், அழைக்க வேண்டிய நேரத்தில் சார்ஜ் இருக்காது.

பேட்டரி விஷயத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்னத் திரைக் கருவி 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 6 மணி நேரத்துக்கு 3 ஆம்பியர்-அவர் போகும். யு.பி.எஸ்.ஸில் போடும் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி அதற்குப் போதும். ஆனால் அது இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும், பாதிக்கு மேல் தீரவிடவும் கூடாது. லித்தியம் வகை ஏறத்தாழ அதில் பாதி எடைதான். எதுவானாலும் தண்ணீர் புகாத டப்பாவில் வைத்து, கருவியின் கையேடு சொல்லும் அளவில் ஃப்யூஸ் போட்டுத்தான் இணைக்க வேண்டும்.

எப்படிப் பொருத்துவது?

டிரான்ஸ்டியூசரை வைக்க மூன்று வழிகள் உண்டு. கோவளம் போன்ற இடத்தில் அலையைத் தாண்டி மணலில் ஏற வேண்டியிருக்கும். அதை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

ஒன்று, தண்ணீர் வடியும் ஓட்டைக்குள் பொருத்துவது. இதற்கென இடம் விட்டுச் செய்த கயாக் என்றால் சுலபம். ஆனால் அடியில் நீட்டிக்கொண்டிருந்தால் மணலில் இழுக்கும்போது உரசி உடையும்.

இரண்டு, பக்கவாட்டில் கைபோல ஒரு குழாயைப் பொருத்தி, அதன் நுனியில் மாட்டித் தண்ணீரில் இறக்குவது. படம் நன்றாக இருக்கும். ஆனால் அலைக்குள் போகும்போதும் கரையேறும்போதும் அதை மேலே மடக்க முடிய வேண்டும். மீனவர்கள் விரித்த வலையில் மாட்டும் ஆபத்தும் இதில் உண்டு.

மூன்று, கயாக்கின் உள்ளே அடித்தளத்தில் ஒட்டி, பிளாஸ்டிக் வழியாகவே ஒலியை அனுப்புவது. ஓட்டை போட வேண்டியதில்லை, உரசலும் இல்லை. நம் கரைக்கு இதுவே ஏற்றது. நிபந்தனை ஒன்றுதான்: இடையில் காற்று இருக்கக் கூடாது. காற்று ஒலியைத் தடுத்துவிடும். அதனால் காற்றடிக்கும் கயாக்கில் இந்த முறை நடக்காது. ஒட்டும் முன் சோதித்துப் பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றி, அதனுள் டிரான்ஸ்டியூசரை வைத்து, உள்தளத்தில் அழுத்தி, ஆழம் சரியாகக் காட்டுகிறதா என்று தண்ணீரில் பாருங்கள். சரியாக இருந்தால், ஃபோமால் சிறு கட்டம் செய்து, குமிழி இல்லாமல் சிலிகான் ஊற்றி, அதில் டிரான்ஸ்டியூசரை மட்டமாகப் பதியுங்கள். நன்றாகக் காய ஓரிரு நாள் விடுங்கள். இந்த முறையில் தண்ணீரின் வெப்பநிலை சரியாகக் காட்டாது. அதனால் நமக்கு நஷ்டமில்லை.

திரையை எட்டிக் குனியாமல் பார்க்கும் இடத்தில், துடுப்பு வீச்சில் இடிக்காதபடி வையுங்கள். கயாக் கவிழ்ந்தால் பக்கவாட்டிலிருந்துதான் மறுபடி ஏறுவோம், அந்தப் பக்கத்தில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வயர் காலில் சுற்றும்படி தொங்கக் கூடாது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒருபோதும் ஓட்டை போடாதீர்கள். மேலே போடும் ஓட்டைக்கு ரப்பர் வாஷரும் சிலிகானும் வையுங்கள். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, வயர் இணைப்புகளைத் துடைத்து உலர விடுங்கள்.

திரையை விடக் கடலைப் பாருங்கள்

அந்தத் தம்பி கருவியைப் பொருத்திப் போன முதல் நாள் நடந்ததை அவர் அனுமதியோடு சொல்கிறேன். திரையில் மீன் கூட்டம் தெரிந்திருக்கிறது. துடுப்பை வைத்துவிட்டு அதையே பார்த்துத் தூண்டிலை இறக்கியிருக்கிறார். தலையை நிமிர்த்தியபோது கரை சின்னதாகத் தெரிந்ததாம். மேற்கிலிருந்து வீசிய கரைக்காற்று அவரைச் சத்தமில்லாமல் கிழக்கே தள்ளியிருக்கிறது. வந்த தூரத்தை எதிர்க்காற்றில் துடுப்புப் போட்டுத் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அத்தா கரையிலேயே நின்றிருந்தார். கையில் ஒரு மீன்கூட இல்லை. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை வந்து சேர்ந்தார்.

கடலுக்கு அடியில் இருப்பதைக் காட்டும் கருவி, மேலே வீசும் காற்றைக் காட்டாது. கடல் கொந்தளிக்கும் நேரத்தில் அதில் பயணம் போகிறவருக்குப் பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிடுகிறது என்ற கருத்தில் முஸ்னத் அஹ்மதில் ஓர் அறிவிப்பு உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்ற திர்மிதீ அறிவிப்பை நாம் எல்லோரும் அறிவோம். கடலில் ஒட்டகத்தைக் கட்டுவது என்றால் இவைதான்:

சுப்ஹைக் கரையில் தொழுதுவிட்டு, வெளிச்சம் வந்தபின் இறங்குங்கள். லுஹருக்கு முன் கரையேறிவிடுங்கள். முந்தைய நாளே வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பையும் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கயாக்கைக் கடலுக்கே கொண்டுபோக வேண்டாம். தனியாகப் போகாதீர்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கயாக்கில் கட்டிவைக்காமல் உடம்பில் போடுங்கள். விசில் கழுத்தில் இருக்கட்டும். கடலோரக் காவல் உதவி எண் 1093, இந்தியக் கடலோரக் காவல்படையின் எண் 1554. இரண்டையும் போனில் பதிந்து, போனைத் தண்ணீர் புகாத உறையில் வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையிலிருந்து கண்ணை எடுத்துக் கரையைப் பாருங்கள். எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், அந்த நேரத்துக்குத் திரும்புங்கள்.

இன்னொன்று. கரையில் இருக்கும் மீனவர்களிடம் பேசிவிட்டு இறங்குங்கள். படகு ஏறும் வழியை மறிக்காதீர்கள். இன்று காற்று எப்படி, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று அவர்கள் சொல்வதை எந்தத் திரையும் சொல்லாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்கானது, துடுப்புக் கயாக்குக்கு அல்ல. ஆனாலும் அது மீன் இனம் பெருகும் காலம். குஞ்சு மீனையும் சினை மீனையும் விட்டுவிடுவது நம் பிள்ளைகளுக்கு நாம் வைத்துப் போகும் ரிஸ்க்.

இப்போது அந்தத் தம்பி கடலில் இறங்கும் முன், கருவியில் முதலில் குறிப்பது அத்தா நிற்கும் இடத்தைத்தான். மீன் இருக்கும் இடம் அதற்குப் பிறகு. வாங்கப்போகும் ஒவ்வொருவரும் அந்த வரிசையைப் பின்பற்றினால் போதும். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான ரிஸ்கையும், போன கடலிலிருந்து ஸலாமத்தாகத் திரும்பி வரும் பாக்கியத்தையும் தருவானாக. ஆமீன்.