தனிமடல் யாருக்குத் தனி?

"இதைப் பொதுவில எழுத ஏலாது, தனிமடலுக்கு வாங்கோ." இணையக் கருத்துக்களங்களில் தமிழர்கள் கூடத் தொடங்கிய காலத்திலிருந்து புழங்கும் வசனம் இது. களங்களின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அங்கு பேசியவர்கள் முகநூலின் உட்பெட்டிக்கும் வட்ஸ்அப்புக்கும் வைபருக்கும் இடம்மாறிவிட்டார்கள். வசனம் மட்டும் அப்படியே இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்களோடும் காணி விடுவிப்புக்காகக் காத்திருப்பவர்களோடும் பேசுவது என் வேலையின் பெரும்பகுதி. "தம்பி, உங்கட இன்பொக்ஸுக்கு அனுப்புறன், வேற ஒருத்தரும் பார்க்கமாட்டினம்தானே?" என்று அடிக்கடி கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. எந்தப் பெட்டியில் போடுகிறீர்கள், அந்தப் பெட்டியின் திறப்பு யார் யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பதில் மாறும்.

பழைய கருத்துக்களங்களிலிருந்து தொடங்குவோம். அவற்றில் ஒரு தனிமடல் அனுப்பினால் அது பெறுபவரின் கணினிக்குப் போவதில்லை. களத்தின் சேர்வரில் உள்ள தரவுத்தளத்தில் ஒரு வரியாகச் சேமிக்கப்படுகிறது. பொதுவில் எழுதும் கருத்தும் அதே தரவுத்தளத்தில்தான் இருக்கிறது. கருத்தை எல்லோருக்கும் காட்டு, தனிமடலை இந்த இருவருக்கு மட்டும் காட்டு என்று மென்பொருளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான். இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. உங்கள் கடவுச்சொல்லை ஒழுங்கான மென்பொருள் எதுவும் அப்படியே எழுதிவைக்காது. திருப்பி வாசிக்க முடியாதபடி உருமாற்றித்தான் வைக்கும். தனிமடலுக்கு அந்தக் கவனிப்புக் கிடைப்பதில்லை. பிஎச்பிபிபி, விபுலட்டின் போன்ற பரவலான களமென்பொருட்கள் தனிமடலைச் சாதாரண எழுத்தாகவே வைத்திருக்கும். தரவுத்தளத்தைத் திறக்கக்கூடிய நிர்வாகி விரும்பினால் வாசிக்கலாம். சேர்வரை வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்துக்கும் அது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. நிர்வாகி நல்லவராக இருக்கலாம், பெரும்பாலானோர் நல்லவர்கள்தான். ஆனால் களம் கைமாறும்போது தரவுத்தளமும் கைமாறுகிறது. களம் மூடப்பட்ட பின்னும் எங்கோ ஒரு வன்தட்டில் அதன் பிரதி கிடக்கிறது.

கிடந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 'அயர்ன் மார்ச்' என்ற களம் உதாரணம். 2011இல் தொடங்கப்பட்ட நவநாஜிகளின் களம் அது. புனைபெயர்களுக்குள் ஒளிந்துகொண்டு, தனிமடலில் ஊரையும் தொழிலையும் பரிமாறினார்கள். 2017இல் களம் மறைந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019 நவம்பரில், அதன் முழுத் தரவுத்தளத்தையும் யாரோ இணையத்தில் போட்டுவிட்டார்கள். தனிமடல்கள், மின்னஞ்சல் முகவரிகள், ஐபி முகவரிகள் எல்லாம் அதில் இருந்தன. ஊடகவியலாளர்களும் ஆய்வாளர்களும் அவற்றை வைத்து ஆட்களை அடையாளம் கண்டார்கள். அமெரிக்கப் படையில் இருந்தவர்களும் அகப்பட்டார்கள். அவர்கள் மீது எனக்கு எந்த இரக்கமும் இல்லை. ஆனால் தரவுத்தளத்துக்கு நல்லவர், கெட்டவர் தெரியாது. முகாமிலிருந்து எழுதிய ஒருவரின் தனிமடலும் அதே வகைத் தரவுத்தளத்தில், அதே சாதாரண எழுத்தில்தான் இருக்கும்.

எங்களுக்கு இது புதிதல்ல என்றும் தோன்றுகிறது. சர்வதேச செஞ்சிலுவைக் குழு பிரிந்த குடும்பங்களுக்கிடையில் கொண்டுபோய்க் கொடுத்த செய்தித்தாள்கள் ஒட்டப்படாத கடிதங்கள். குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம், வழியில் அதிகாரிகள் வாசிப்பார்கள். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால் அதற்கேற்றபடி எழுதினார்கள். "நாங்கள் சுகம், நீ கவலைப்படாதே" என்பதற்கு மேல் போகமாட்டார்கள். தனிமடல் அதைவிட மோசமானது. அதுவும் ஒட்டப்படாத கடிதம்தான், ஆனால் பார்வைக்கு ஒட்டிய கடிதம்போல இருக்கிறது.

முகநூலின் மெசெஞ்சர் நீண்டகாலம் இப்படித்தான் இயங்கியது. செய்தி வழியில் பாதுகாக்கப்படும், ஆனால் திறப்பு ஒன்று நிறுவனத்திடமும் இருக்கும். 2022இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு கருக்கலைப்பு தொடர்பான வழக்கில், நீதிமன்ற ஆணையுடன் பொலிஸார் கேட்டபோது, ஒரு தாயும் அவருடைய பதின்மவயது மகளும் பேசிக்கொண்ட செய்திகளை மெட்டா நிறுவனம் எடுத்துக் கொடுத்தது. அடுத்த ஆண்டு இருவருக்கும் தண்டனை கிடைத்தது. நிறுவனம் சட்டத்தை மீறவில்லை. அதனிடம் இருந்தது, கேட்டார்கள், கொடுத்தது. இருக்காவிட்டால் கொடுத்திருக்க முடியாது.

இந்த 'இருக்காவிட்டால்' என்பதைச் சாத்தியமாக்குவதுதான் முனைக்கு முனை மறையாக்கம். அனுப்புபவரின் கைபேசியிலேயே செய்தி பூட்டப்படுகிறது, பெறுபவரின் கைபேசியில்தான் திறக்கிறது. நடுவில் நிற்கும் நிறுவனம் பூட்டிய பெட்டியைத்தான் கடத்துகிறது. வட்ஸ்அப் 2016 ஏப்ரலில் இதை எல்லோருக்கும் பொதுவாக்கியது. மெசெஞ்சர் 2023 டிசம்பரில்தான் தனிப்பட்ட உரையாடல்களுக்கு இதை இயல்புநிலையாக்கத் தொடங்கியது. சிக்னல் என்ற செயலி தொடக்கம் முதலே இப்படித்தான். 2016இல் அமெரிக்க நீதிமன்ற அழைப்பாணை ஒன்றின்மூலம் ஒரு கணக்கைப் பற்றி சிக்னலிடம் விபரம் கேட்கப்பட்டபோது, அதனால் கொடுக்க முடிந்தவை இரண்டே இரண்டு: கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த திகதி.

ரெலிகிராம் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அதுதான் மிகவும் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை எங்கள் ஆட்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அதன் சாதாரண உரையாடல்களுக்கும் குழுக்களுக்கும் முனைக்கு முனை மறையாக்கம் கிடையாது. அவை நிறுவனத்தின் சேர்வரில் இருக்கின்றன. 'இரகசிய உரையாடல்' என்று தனியாகத் தெரிவுசெய்தால் மட்டுமே அந்தப் பூட்டு விழும். அதையும் இருவருக்கிடையில் மட்டும்தான் செய்யலாம். ஊடகங்களின் முகநூல் பக்கங்களுக்குச் செய்தி அனுப்புபவர்களும் ஒன்றைத் தெரிந்திருக்கவேண்டும். பக்கத்தின் உட்பெட்டியை அதை நிர்வகிக்கும் அத்தனை பேரும் வாசிக்கலாம். நீங்கள் 'ஆசிரியருக்கு' என்று எழுதினாலும் வாசிப்பவர் நேற்றுச் சேர்ந்த பொடியனாக இருக்கலாம்.

அப்படியானால் வட்ஸ்அப்பில் அனுப்பினால் சரியா? நடுவழியைப் பொறுத்தவரை சரி. மிச்சம் இரண்டு முனைகளும்தான். இணையப் பாதுகாப்புப் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகள் நடுவழியில் ஒட்டுக்கேட்பதைப் பற்றியே அதிகம் பேசுகின்றன. வடக்கிலும் கிழக்கிலும் நான் காணும் ஓட்டைகள் பெரும்பாலும் முனைகளில் இருக்கின்றன.

முதல் ஓட்டை காப்புப்பிரதி. வட்ஸ்அப் தன் உரையாடல்களை அன்ரொயிட் கைபேசியிலிருந்து கூகிள் கணக்கில் பிரதி எடுத்துவைக்கும். அந்தப் பிரதிக்கு முனைக்கு முனைப் பூட்டு தானாக விழாது. 2021இல்தான் அந்த வசதியே வந்தது, அதையும் நாமாகத் தெரிவுசெய்யவேண்டும். சரி, அந்தக் கூகிள் கணக்கு யாருடையது? ஊரில் வயதான அம்மாக்கள் பலருக்குக் கைபேசியை ஒழுங்குபடுத்திக் கொடுப்பவர் சந்தியில் ரீலோட் போடும் கடைக்காரர். கணக்கைத் திறப்பவரும் கடவுச்சொல் போடுபவரும் அவர்தான். அந்தக் கடவுச்சொல் அம்மாவுக்குத் தெரியாது, கடைக்காரருக்குத் தெரியும். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவரிடம் யாராவது வந்து கேட்டால் மறுக்கும் பலம் அவருக்கு இருக்குமா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது, இணைக்கப்பட்ட சாதனங்கள். உங்கள் கைபேசி திறந்த நிலையில் சில நிமிடம் இன்னொருவர் கையில் இருந்தால் போதும். ஒரு கணினியின் திரையிலுள்ள சதுரக் குறியீட்டைப் படம்பிடித்து, உங்கள் வட்ஸ்அப்பை அங்கேயும் ஓடவிடலாம். திருத்தக் கொடுத்து எடுத்த கைபேசியில், அமைப்புகளுக்குள் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது. தெரியாத சாதனம் எதுவும் இருந்தால் அங்கேயே அகற்றிவிடலாம்.

மூன்றாவதுதான் பெரிது: பெறுபவர். பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 2019இல் வட்ஸ்அப்பின் ஒரு குறைபாட்டின் வழியாக சுமார் 1,400 பேரின் கைபேசிகளை அது குறிவைத்தது உண்மை. ஆனால் அது விலைகூடிய ஆயுதம். எங்கள் இடத்தில் அதற்குத் தேவையே இல்லை. "போனைத் தா, லொக்கை எடு" என்பது போதும். 2020 நவம்பரில் மாவீரர் நாளை ஒட்டி முகநூலில் இட்ட பதிவுகளுக்காக இளைஞர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார்கள். 1979இல் தற்காலிக ஏற்பாடாகக் கொண்டுவரப்பட்ட அந்தச் சட்டம் நீண்டகாலத் தடுப்புக்காவலை அனுமதிக்கிறது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேற்பட்டவரோ பெறும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியாக ஏற்கவும் இடம்கொடுக்கிறது. அவை பகிரங்கப் பதிவுகள், தனிச்செய்திகள் அல்ல. ஆனால் விசாரணைக்கு ஒருவரோடு அவருடைய கைபேசியும் போகும்போது, அதிலிருப்பது அவர் எழுதியது மட்டுமல்ல, அவருக்கு மற்றவர்கள் எழுதியதும்தான். இருநூறு பேர் உள்ள குழுவில் ஒரு குரற்பதிவு போட்டால் அது இருநூறு கைபேசிகளில் இருக்கிறது. உங்கள் கைபேசியை எவ்வளவு பூட்டினாலும் மிச்சம் நூற்றுத்தொண்ணூற்றொன்பது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை.

செய்தியை வாசிக்காமலே அறியக்கூடியவையும் உண்டு. யார், யாரோடு, எந்த நேரத்தில், எத்தனை தடவை பேசினார் என்பதை மறையாக்கம் முழுவதும் மறைப்பதில்லை. இலங்கையில் சிம் அட்டை தேசிய அடையாள அட்டையைக் காட்டித்தான் வாங்கப்படுகிறது. ஆகவே தொலைபேசி இலக்கம் என்பது ஒரு பெயரும் முகவரியும்தான். போராட்டத்துக்கு முதல்நாள் இரவு இருபது பேருக்கு அழைப்பெடுத்த ஒருவர் என்ன பேசினார் என்று தெரியாவிட்டாலும், அவர்தான் ஒழுங்குபடுத்துபவர் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை.

இதையெல்லாம் சொன்னால், "அப்ப ஒண்டும் அனுப்பாமல் இருக்கிறதோ?" என்று கேட்கிறார்கள். இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உறவுகள் தெருவில் அமர்ந்ததிலிருந்து, அவர்களின் சாட்சியங்கள் உலகத்துக்குப் போனதில் இந்தக் கைபேசிகளுக்கும் பங்கு உண்டு. சாட்சியத்தை நிறுத்துவதில் யாருக்கு இலாபம் என்பதும் தெரிந்ததே. எதை எதில் அனுப்புவது என்று பிரித்துக்கொள்ளலாம். ஊர்ப் பெயரோடும் அதிகாரியின் பெயரோடும் சொல்லவேண்டிய விடயத்தைக் குழுவில் போடாமல் ஒருவருக்கு மட்டும் சிக்னலில் அனுப்பலாம். இரண்டு பக்கமும் செய்தி தானாக அழியும்படி நேரம் வைக்கலாம். வட்ஸ்அப்பிலும் 24 மணித்தியாலம், 7 நாள், 90 நாள் என்று அந்த வசதி உண்டு. பெறுபவர் திரையைப் படம் எடுத்தால் அதைத் தடுக்க முடியாது என்பதால் ஆளைத் தெரிவுசெய்வதுதான் முதல் வேலை.

ஆனால் அழியும் செய்தி எங்களுக்கு இன்னொரு ஆபத்து. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தொலைத்தவர்கள் நாங்கள். மகனின் ஒரேயொரு படம் வெளிநாட்டிலிருக்கும் தங்கை அனுப்பிய வட்ஸ்அப் செய்தியில் மட்டும் இருக்கும் தாய்மாரைச் சந்தித்திருக்கிறேன். அங்கே அழியும் நேரத்தை வைத்தால் படமும் போய்விடும். காப்புப்பிரதிக்குப் பூட்டுப்போட்டுக் கடவுச்சொல்லை மறந்தால் வட்ஸ்அப் நிறுவனமே நினைத்தாலும் திறந்துதர முடியாது. ஆகவே பூட்டுவதற்கு முன்னர், படங்களையும் ஆவணங்களையும் உரையாடலிலிருந்து வெளியே எடுத்து, ஒரு பிரதியை அச்சிட்டு, இன்னொன்றை ஒரு பென்டிரைவில் நம்பிக்கையான உறவினர் வீட்டில் வைக்கச் சொல்கிறேன். கடவுச்சொல்லைக் கடைக்காரர் போடட்டும், ஆனால் வீட்டுக்கு வந்ததும் பேரப்பிள்ளையைக் கொண்டு மாற்றி, கொப்பியில் எழுதி, அரிசிப் பானைக்குள்ளோ சாமிப் படத்துக்குப் பின்னாலோ வைத்துக்கொள்ளலாம்.