கால்விரலைக் குறிபார்த்த பந்து

எங்கள் நீலகிரி ஊரான ஜெகதளாவில் பந்து போடுகிறவனுக்கு ஓடிவர இடம் கிடையாது. பத்தடி பின்னால் போனால் தேயிலைச் சரிவு. செடிக்குள் பந்து போனால் அடித்தவன் அவுட்; தேடி எடுத்து வருவதும் அவன் வேலை. நாங்கள் ஆடிய காலத்துச் சட்டம் இன்னும் மாறவில்லை. அன்று எங்கள் எல்லோருக்கும் கபில்தேவ். இன்று என் அண்ணன் மகன், நல்ல வலக்கைக்காரன், இடக்கையால் போட்டுப் பழகுகிறான். இடக்கை வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் மேல் அவ்வளவு பித்து.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் 1991இல் பிறந்தவர் நடராஜன். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். அப்பாவுக்குத் தறியில் கூலி வேலை, அம்மாவுக்குச் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை. இருபது வயதுவரை அவர் கையில் இருந்தது டென்னிஸ் பந்துதான். அது கனமில்லாத பந்து, தையலும் கிடையாது. எவ்வளவு வேகமாகக் குத்தினாலும் எழும்பி மட்டைக்கு வாகாக வந்து நிற்கும். சின்ன மேட்சில் வருகிறவன் எல்லாம் சிக்சருக்கே சுற்றுவான். அடி வாங்காமல் தப்ப, கால்விரலை ஒட்டிப் போட வேண்டும். கொஞ்சம் தள்ளிப் போனால் ஃபுல்டாஸ், கொஞ்சம் குறைந்தால் மட்டைக்கு விருந்து. பின்னாளில் உலகம் வியந்த யார்க்கர் அந்த மண்தரையில் பிறந்தது என்றே நான் நம்புகிறேன்.

ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ் அவரைச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். அந்த நன்றியில்தான் சட்டையில் 'ஜேபி நட்டு' என்று போட்டுக்கொண்டார். 2015இல் ரஞ்சி கோப்பையில் முதல் ஆட்டம். உடனே, கையை மடக்கி எறிகிறார் என்று சந்தேகம். பல பேருடைய ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கிறது. இவர் பந்துவீச்சை அடியிலிருந்து மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது.

2020 ஐபிஎல்லில் 16 விக்கெட். மகள் பிறந்த சேதி கேட்டும் ஊருக்கு வராமல் நேரே ஆஸ்திரேலியா போனார். வலைப்பயிற்சிக்குப் பந்து போடப் போனவர், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். பிரிஸ்பேன் டெஸ்ட்டில் வேட், லபுஷேன் உட்பட முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட். இந்தியாவின் 300வது டெஸ்ட் வீரர் அவர்.

2021 மார்ச், புனே. இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் 14 ரன் வேண்டும். எதிரே 95ஐ நெருங்கிவிட்ட சாம் கரன். நடராஜன் ஆறு ரன்தான் கொடுத்தார். 7 ரன்னில் வெற்றி. எங்கள் வீட்டுக்குள் ஒருவரும் உட்காரவில்லை.

அதற்குப் பிறகு முழங்கால் அறுவை சிகிச்சை. இந்தியச் சட்டை மறுபடி கிடைக்கவே இல்லை. 2024 ஐபிஎல்லில் 19 விக்கெட் எடுத்தும் கிடைக்கவில்லை. இது எனக்கு ஆறவே இல்லை. அவரோ 2023 ஜூனில் சொந்த ஊரில் ஒரு மைதானம் திறந்துவிட்டார். நல்ல ஆடுகளம் இல்லாத ஊரில் வளர்ந்தவர், இன்று அந்த ஊர்ப் பையன்கள் தையல் பந்தில் ஆடத் தரை கொடுத்திருக்கிறார்.

நேற்று மஞ்சு இறங்குமுன் என் அண்ணன் மகன் ஆறு பந்து போட்டான். நாலாவது, அடுக்கிய செங்கல்லின் அடியில் போய்க் குத்தியது. "சித்தப்பா, பார்த்தீங்களா!" என்று கத்தினான். ஆறாவது பந்தை இருட்டும்வரை தேயிலைக்குள் தேடினோம்.