இரண்டு பைட் நலம் விசாரிப்பு

மொட்டை மாடித் தொட்டியில் பாதித் தண்ணீர்தான் இருக்கிறது என்று செல்போன் காட்டிக்கொண்டிருந்தது. "அண்ணே, தண்ணி வழியுது!" என்று பக்கத்து வீட்டுத் தம்பி குரல் கொடுத்த பிறகுதான் மாடிக்கு ஓடினேன். தண்ணீர் அளவை அனுப்பத் தொட்டியில் நான் பொருத்தியிருந்த ஈஎஸ்பி8266 சிப், விளக்கு எரிய உயிரோடுதான் இருந்தது. ஆனால் சர்வரோடு அதற்கிருந்த தொடர்பு, மின்சாரம் கொடுத்த முதல் நிமிடத்துக்குள்ளேயே அறுந்திருந்தது. நான் பார்த்தது அப்போது வந்து நின்றுபோன பழைய அளவு.

இத்தகைய சிறு கருவிகள் சேதி அனுப்பப் பெரிதும் பயன்படுவது எம்க்யூடிடி என்ற நெறிமுறை. 1999இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்காம் நிறுவனத்தின் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிப்பதற்காக இதை வடிவமைத்தார்கள். செயற்கைக்கோள் வழியே போகும் தரவு விலை உயர்ந்தது. அதனால் ஒவ்வொரு பைட்டிலும் சிக்கனம். கருவிகள் தங்களுக்குள் நேரே பேசிக்கொள்வதில்லை. நடுவில் 'புரோக்கர்' என்ற சர்வர் இருந்து, ஒருவர் சொல்வதைக் கேட்க விரும்பும் மற்றவர்களுக்குக் கொடுக்கிறது.

ஒரு கருவி பேசாமல் இருந்தால் என்ன பொருள்? சொல்வதற்குச் சேதி இல்லையா, கருவியே போய்விட்டதா? ஒரு முனை சட்டென்று அணைந்தால் மறுமுனைக்கு அது தானாகத் தெரிவதில்லை. இதற்காகத்தான் 'கீப் அலைவ்'. இணையும்போதே கருவி ஒரு கெடு சொல்லிவிடுகிறது: இத்தனை விநாடிக்குள் ஏதாவது அனுப்பிவிடுவேன். சேதி இல்லையென்றால் இரண்டே பைட்டில் ஒரு பிங். புரோக்கரின் பதிலும் இரண்டே பைட். கெடுவைப் போல ஒன்றரை மடங்கு நேரம் போயும் சத்தமில்லையென்றால் புரோக்கர் இணைப்பைத் துண்டித்துவிடும்.

நான் பயன்படுத்திய பப்சப்கிளையன்ட் லைப்ரரியில் வழக்கமான கெடு 15 விநாடி. நானோ, நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்தால் போதுமென்று 'டிலே' போட்டு, சிப்பை 60 விநாடி அசையாமல் நிறுத்தியிருந்தேன். பிங் அனுப்ப அதற்கு வாய்ப்பே இல்லை. இருபத்திரண்டரை விநாடியில் உறவு முடிந்தது. இப்போது நிறுத்துவதில்லை, சிப்பின் நிரல் சுற்றிச் சுற்றி ஓடி, நேரம் ஆகியிருந்தால் மட்டும் அளக்கிறது.

இணைப்பு அறுந்தால் மீண்டும் இணையவும் நிரல் எழுதினேன். அளவு ஒழுங்காக வந்தது. 'மோட்டாரை நிறுத்து' என்று சேதி அனுப்பினால் மட்டும் சிப் கேட்கவில்லை. இரண்டு இரவு தேடிய பிறகு புரிந்தது. நாம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், அந்த லைப்ரரி ஒவ்வொரு முறையும் புதிய ஆளாகத்தான் உள்ளே போகிறது. முன்பு எந்தச் சேதிகளைக் கேட்டதோ அவற்றைப் புரோக்கர் மறந்துவிடுகிறது. இணைந்தவுடன் திரும்பச் சந்தா சேர வேண்டும். மறுபடி இணையும் முயற்சியையும் 1, 2, 4, 8 விநாடி என்று இடைவெளி கூட்டிச் செய்வதே நல்லது. சர்வர் திரும்ப எழும் நொடியில் எல்லாக் கருவிகளும் வாசலில் முண்டியடிக்கக் கூடாது.

இந்த நெறிமுறையில் எனக்கு மிகவும் பிடித்தது உயில். இணையும்போதே கருவி ஒரு சேதியைப் புரோக்கரிடம் கொடுத்துவைக்கலாம். விடைபெறாமல் கருவி மறைந்தால், அந்தச் சேதியைப் புரோக்கர் அதைக் கேட்கச் சந்தா சேர்ந்த எல்லோருக்கும் அறிவிக்கும்.

போன வாரம் மாடி வயரை அணில் கடித்துவிட்டது. அரை நிமிடத்துக்குள் போனில் வந்து நின்றது: 'தொட்டிக் கருவி தொடர்பில் இல்லை.' கீழே மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டு, இன்சுலேஷன் டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.